கை வைத்தவரெல்லாம் தள்ளுகிறவர் இல்லை

கடவுள் பூமியைப் படைத்துச் சுற்ற விட்டார் என்பார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். ஆனாலும் அடித்துச் சொல்வேன், அவ்வளவு பெரிய உருண்டை தானாகக் கிளம்பியிருக்காது. நாலு பேர் பின்னால் நின்று தள்ளியிருக்க வேண்டும். அந்த நாலு பேரையும் அதட்டி மேய்க்க ஒரு ஆள், கழுத்தில் விசிலோடு ஓரமாக நின்றிருக்க வேண்டும். அது எங்கள் தள்ளு சொல்தாவாகத்தான் இருக்கும். முருகன் என்னை மன்னிக்கட்டும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். இவர் உப்பளம் பகுதிச் சொல்தா. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கெல்லாம் தள்ளு சொல்தா. அரைக்கால் சட்டை, வெள்ளைத் தொப்பி, உயரமான ஒரு சைக்கிள், கழுத்தில் கயிறு கட்டிய விசில். காலையில் ரொட்டி வாங்கக் கிளம்புவார். ரொட்டியோடு எப்போது வீடு திரும்புவார் என்பது அன்றைக்கு ஊரில் எத்தனை வண்டி நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

வண்டி நின்ற இடத்துக்கு டிரைவர் இறங்குவதற்குள் வந்துவிடுவார். எப்படித்தான் மோப்பம் பிடிப்பாரோ தெரியாது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு விசிலை ஒரு ஊது ஊதுவார். டீக்கடையில் நிற்பவன், தினசரி படிப்பவன், சும்மா போகிறவன் எல்லோரும் ஓடி வந்து வண்டிக்குப் பின்னால் நிற்பார்கள். வராதவனுக்கு இரண்டாவது விசில். அதற்கும் வராதவன் அந்தத் தெருவில் மறுபடி டீ குடிக்க முடியாது.

அவருக்கு மெக்கானிக் வேலை தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. "அடுத்த வூட்டு அடுப்பங்கரைய எட்டிப் பாக்கறாப்பல" என்பார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், தள்ளுவது. பெட்ரோல் தீர்ந்தாலும் தள்ளு. டயர் பஞ்சரானாலும் தள்ளு. ஒரு தடவை ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு நிம்மதியாக இட்லி தின்றுகொண்டிருந்த ஒரு மனிதரைக் கூட, காரணம் கேட்காமல், இட்லியும் கையுமாகப் பத்து வீடு தாண்டித் தள்ளிக்கொண்டு போய் விட்டார்.

சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய கார் உப்பளத்தில் நின்ற கதை இன்னும் பிரசித்தம். வண்டிக்காரர் குளுகுளு கண்ணாடி போட்ட ஆள்.

"அங்கிள், இது ஆட்டோமேட்டிக் கியர். தள்ளினா ஸ்டார்ட் ஆகாது. ஃபோன் பண்ணியிருக்கேன், ஹெல்ப் வண்டி வருது."

"ஆவாதுன்னு யாரு சொன்னது? தள்ளிப் பாத்தியா?"

"இல்ல அங்கிள், சிஸ்டமே அப்படி..."

"முசியே, நியூட்ரல்ல போடு. அலே!"

பிரெஞ்சில் முசியே என்றால் 'ஐயா', அலே என்றால் 'ம், நடக்கட்டும்' என்று அர்த்தமாம். கூட்டம் தள்ளியது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியில் போய் நின்றது. சொல்தா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஸ்டார்ட் ஆவல. சரி. ஆனா வெயில்ல நின்ன, இப்ப நெழல்ல நிக்கற. மெர்சி சொல்லு." அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நன்றிக்குப் பதில் மெர்சியே சொன்னார்.

இப்போது என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலியார்பேட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு பூஜை சாமான் கடை. கற்பூரம், ஊதுபத்தி, தாம்பூலத் தட்டு எல்லாம் ஏற்றிவர ஒரு பழைய கார் வாங்கினேன். எனக்கு முன்னால் அது மூன்று கை மாறியிருந்தது. முன் கண்ணாடியில் 'முருகன் துணை' என்று பெரிதாக எழுதினேன். அதற்குக் கீழே வேல், பக்கத்தில் மயில். டாஷ்போர்டில் பிள்ளையார், அவருக்கு ஒரு சின்னக் குடை. எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு, திருஷ்டி பொம்மை. தெய்வங்களுக்குப் போக மிச்ச இடத்தில்தான் ரோடு தெரியும். அப்படியும் அது வாரத்துக்கு ஒரு நாள் நிற்கும். என் மனைவி அம்சா சொல்வாள், "இத்தினி பேர ஏத்துனா எந்த வண்டிதான் இழுக்கும்?"

முதல் தடவை நின்றபோதே சொல்தா வந்துவிட்டார். மகள் செல்வியை ஸ்டீயரிங்கில் உட்காரச் சொல்லிவிட்டு நான் கூட்டத்தோடு தள்ளினேன். வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் விசில். "நிறுத்து!" எல்லோரும் நின்றோம். என் முன்னால் வந்து நின்றார்.

"முசியே, இன்னா சொல்லிகினு இருந்த?"

"முருகா முருகான்னு..."

"நல்லது. அவரக் கூப்பிட்ட, அவரு வந்துட்டாரு, அவரு தள்ளுறாரு. நீ எதுக்கு நடுவுல நின்னுகினு எடத்த அடைக்கற?"

அன்றைக்குத்தான் அவருடைய சாஸ்திரம் எனக்குத் தெரிந்தது. மனிதனின் குணம் கைரேகையில் இல்லையாம், ஜாதகத்தில் இல்லையாம், வண்டியின் முதுகில் கை வைக்கும்போது தெரிந்துவிடுமாம். சிலர் கை வைப்பார்கள், வண்டி போகும், கூடவே நடப்பார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவன் பின்னால் வெறுங்கையோடு சுற்றுகிறவர்களைப் போல. சிலர் வண்டிமேல் சாய்ந்து ஓய்வெடுப்பார்கள். சிலர் சத்தம் மட்டும் போடுவார்கள். நான் சத்தக் கட்சி. உண்மையாகத் தள்ளுகிறவன் பத்துக்கு ஒருத்தன்தானாம். "வைத்திக்குப்பத்து ஆளுங்களப் பாரு. தெனம் படகு தள்ளுற தோளு. அதுல எட்டு பேரக் குடுத்தா மாதாகோயிலயே தள்ளி கடலப் பாக்கத் திருப்பிருவேன்" என்பார்.

அவர் தள்ளுவதற்கு முன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். நான் முன் கண்ணாடியில் இருக்கும் முருகன் வேலைக் கும்பிடுவேன். அதற்கு மட்டும் காத்திருப்பார். "உன் சாமி, என் சாமி, ரெண்டு பேரும் மேல இருந்து பாத்துக்குவாங்க. தோளு மட்டும் நம்பள்து. அலே!"

இப்படியே வாரா வாரம் தள்ளியதில் எங்கள் வீட்டில் ஒருத்தி நன்றாகத் தேறினாள். செல்விதான். செகண்ட் கியரில் போட்டு, வேகம் வந்ததும் க்ளட்ச்சை எப்போது விடுவது என்று அவளுக்கு அத்துப்படி. நான் விட்டால் வண்டி விக்கல் எடுத்துச் செத்துவிடும். ஆகவே சொல்தாவின் சட்டம்: செல்வி ஓட்டுவாள், அப்பன் கத்துவான், ஊர் தள்ளும்.

செல்விக்கு வரன் பார்க்கத் தொடங்கினோம். இரண்டு இடம் வந்து, பலகாரம் சாப்பிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று போய், சொல்லி அனுப்பவே இல்லை. அவள் கேட்கவில்லை. ஆனால் மூன்றாவது இடத்துப் போட்டோ வந்தபோது அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் அவளே வைத்தாள். அதை நான் பார்த்துவிட்டேன். முருகா, இதுவாவது அமைய வேண்டும் என்று அன்றைக்கு முதல் சர்க்கரை போடாமல் காபி குடிக்க ஆரம்பித்தேன்.

விழுப்புரத்துக் குடும்பம். பையன் குமரன். தரகர் எங்களைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்: கார் வைத்திருக்கிற குடும்பம், பெண் அடக்கமான பெண், கார் கதவைக் கூடத் திறக்கத் தெரியாது. இரண்டாவதை அவர் ஏன் சொன்னார் என்று இன்று வரை தெரியவில்லை. விஜயதசமி அன்று கோயிலில் பெண் பார்த்துவிட்டு, முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் சாப்பாடு என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. சம்பந்தி ஏறப்போகிற வண்டி ஆயிற்றே என்று மற்ற வருஷத்தை விடக் கூடுதலாகச் செய்தேன். வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, பாடுபடுவது உள்ளே இருப்பதல்லவா என்று பானெட்டைத் திறந்து, கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். பேட்டரி மேல் இரண்டு குமிழ் இருந்தது. அதில் மாட்டியிருந்த ஒயர்களைக் கழற்றி, குமிழுக்கு நன்றாக அபிஷேகம் போலவே பூசி, ஒயர்களைத் திரும்ப மாட்டி வைத்தேன். கற்பூரம் காட்டியபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

மறுநாள் காலை வண்டி கொஞ்சம் முனகிவிட்டுக் கிளம்பியது. கோயிலில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. செல்வி தலை குனிந்து நின்றாள். பையன் இரண்டு தடவை பார்த்தான். அவனுடைய அப்பா மட்டும் பிடி கொடுக்காமல், "மொதல்ல வூட்டப் பாப்பம்" என்றார். அவர் முன் சீட்டில் ஏறினார். பின்னால் அவர் மனைவி, அம்சா, செல்வி. பையன் பைக்கில் பின்தொடர்ந்தான்.

உப்பளத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. நான் "முருகா" என்று, க்ளட்ச்சை மறந்து, பிரேக்கை மட்டும் மிதித்தேன். வண்டி நின்றது. சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினேன். டிக் கூட இல்லை.

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன். முருகன் ஆட்டைப் பார்த்தார்.

"இன்னா சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. எஞ்சின் சூடு. கொஞ்சம் ஆறட்டும்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பின் சீட்டில் அம்சாவின் மூச்சு என் பிடரியில் சுட்டது. வேறு யார் வந்தாலும் வரட்டும், இன்றைக்கு மட்டும் அந்த மனிதர் வரக்கூடாது என்று வேண்டினேன். வேண்டி முடிப்பதற்குள் விசில் கேட்டது.

"எல்லாரும் எறங்கு! மதாம், நீங்களும். முசியே, நீயும் எறங்கு."

சம்பந்தி நிமிர்ந்தார். "யோவ், யார் நீ? நான் மாப்பிள்ளையோட அப்பா."

"சந்தோஷம். பின்னால வலது பக்க லைட்டுகிட்ட நில்லு."

பைக்கை நிறுத்திவிட்டு வந்த குமரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏற்கனவே வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தான். நான் அவசரமாக ஸ்டீயரிங்கில் உட்காரப் போனேன். சொல்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீயா? நீ க்ளட்ச் விட்டா வண்டி ஒப்பாரி வெக்கும். செல்வி! ஏறும்மா. எப்பவும் நீதான ஓட்டுவ?"

தரகர் சொன்ன பொய் உப்பளத்து ரோட்டில் ஊர் முன்னால் உடைந்தது. பையனின் அம்மா திரும்பிச் செல்வியைப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"அலே!"

தள்ளினோம். நாலடி போயிருக்கும். விசில்.

"நிறுத்து! இந்தப் பெரியவரு கை வெச்சிருக்காரு. தள்ளல."

"நான் தள்ளினேன்யா!"

"தள்ளினா மூஞ்சி செவக்கும். உம் மூஞ்சி சும்மா இருக்குது. இதோ இந்தப் பையனப் பாரு, இவன் தள்ளுறவன். யாரு பெத்த புள்ளயோ."

"நான் பெத்த புள்ளதான்யா!"

"அப்ப அப்பனும் அதே மாதிரி தள்ளு."

சம்பந்தியின் முகம் தள்ளாமலேயே சிவந்தது. கல்யாணம் கை நழுவிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த போட்டோ ஞாபகம் வந்தது. "முருகா, முருகா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அங்க இன்னாடா சத்தம்? அதே சத்தக் கட்சிதானா? தள்ளு!"

அன்றைக்குத்தான் என் வாழ்நாளில் முதல் தடவையாக நிஜமாகத் தள்ளினேன். வேட்டி அவிழ்ந்தது கூடத் தெரியவில்லை, நல்லவேளை உள்ளே டிராயர் இருந்தது. வண்டி வேகம் பிடித்தது, ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. செல்வி க்ளட்ச் விட்டிருந்தாள்.

"நிறுத்தாத! நின்னா போச்சு!" சொல்தா கத்தினார். "ஓட்டுறவங்க கூட ஒரு ஆள் இருக்கணும். டேய் தள்ளுறவனே, ஓடு! கதவத் தொற! ஏறு!"

குமரன் ஓடினான், கதவைத் திறந்தான், முன் சீட்டில் குதித்தான். பெண்ணும் பையனும் ஸ்டேடியத்துப் பக்கம் திரும்பி மறைந்தார்கள். ரோட்டில் மிஞ்சியது சம்பந்தி, அவர் மனைவி, அம்சா, வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்த நான்.

பெண்ணும் பையனும் தனியாகப் பேச எங்கள் வீட்டில் மாடி அறையைப் பெருக்கி, இரண்டு நாற்காலி போட்டு, கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தேன்.

ஸ்டேடியத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி வந்தது. எங்களைத் தாண்டியது. நிற்கவில்லை.

"ஏன் நிக்காம போவுது?" என்றார் பையனின் அம்மா.

"பேட்டரி ஏறணும் மதாம்" என்றார் சொல்தா. பேட்டரி வண்டியில் எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனிதர்.

மறுபடி வந்தது. மறுபடி தாண்டியது. இந்தத் தடவை கண்ணாடி வழியாகப் பார்த்தேன். செல்வி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"போதும்டா சாமி, நிறுத்தச் சொல்லுய்யா" என்றார் சம்பந்தி.

"நிறுத்தலாம். நின்னா திரும்பித் தள்ளணும். தள்ளுறியா?"

சம்பந்தி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த சுற்றில் செல்வி வண்டியை ஊர விட்டாள். நாங்கள் ஓடி ஓடி ஏறினோம். சம்பந்தி ஏறும்போது ஒரு செருப்பு ரோட்டிலேயே நின்றுவிட்டது. பையனின் அம்மாவை அம்சா உள்ளே இழுத்துப் போட்டாள். பைக்கைச் சொல்தா காவல் காத்தார்.

வீட்டு வாசலில் குமரன் பானெட்டைத் திறந்தான். உள்ளே ஒவ்வொன்றும் பொட்டு வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குத் தயாராக இருந்தது. பேட்டரிக் குமிழ்களைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து ஓடு கட்டியிருந்தது.

"மாமா, கரண்டு போற வழியில எதுக்கு மாமா சந்தனம்?"

அவன் மாமா என்றதைத்தான் நான் கேட்டேன். சந்தனம் என்பது காதில் விழவில்லை.

இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினோம். பாயசம் வந்ததும் சம்பந்தி தொண்டையைச் செருமினார். "கார் வெச்சிருக்கற குடும்பம்னாங்க. நாங்க தள்ளணும்னு யாரும் சொல்லல" என்றார். குமரன் இலையிலிருந்து நிமிராமல், "அப்பா, எனக்கு இந்தப் பொண்ணுதான்" என்றான். பையனின் அம்மா, "எனக்கும். வண்டி ஓட்டத் தெரிஞ்ச மருமவ நம்ம தெருவுல எவளுக்கு இருக்குது?" என்றார். சம்பந்தி எல்லோரையும் பார்த்தார். கடைசியாக, "சரி. ஆனா கல்யாணத்துக்கு அந்த விசில்காரன் வரக்கூடாது" என்றார்.

பத்திரிகை அச்சானதும் அதில் முதல் பத்திரிகையைத் தாம்பூலத்தோடு உப்பளம் எடுத்துப் போய்க் கொடுத்தது யார் தெரியுமா? அதே சம்பந்திதான். மறந்துபோன செருப்பை வாங்கப் போகும் சாக்கில் போனாராம். சொல்தா அதைத் துடைத்து வைத்திருந்தாராம்.

போன வருஷம் சொல்தாவுக்கு முழங்கால் விட்டுவிட்டது. சைக்கிள் ஏற முடியவில்லை. பிரான்சில் இருக்கும் மகன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டான். நானும் கடன் உடன் இல்லாமல் ஒரு நல்ல வண்டி வாங்கிவிட்டேன். நின்றுவிட்டால் ஒரு ஃபோன் போதும், ஆட்கள் வருவார்களாம். ஆனால் அது நிற்கவே மாட்டேன் என்கிறது. பானெட்டைத் திறக்க எனக்கு வீட்டில் அனுமதி கிடையாது. பொட்டு, பூ எல்லாம் வெளியோடு சரி.

ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டார். கம்பளிச் சட்டையும் தொப்பியுமாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசில் இருந்தது.

"முசியே, இங்க ஒரு வண்டியும் நிக்க மாட்டேங்குது. நாள் பூரா ஜன்னல்ல பாக்கறேன். எல்லாம் சத்தமே இல்லாம போவுது. போன வாரம் ஒண்ணு நின்னுச்சு. கம்பு ஊனிகினு கீழ எறங்கறதுக்குள்ள லாரி வந்து தூக்கிகினு பூட்டான். ஒருத்தனும் தள்ளல." கழுத்து விசிலை விரலால் உருட்டினார். பிறகு கேட்டார், "உன் வண்டி நிக்குதா?"

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை வேறு. "நிக்குதுங்க" என்றேன். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நிக்குது."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருக்கு அங்கே காலை, எங்கள் தெருவில் ஒரு கார் நிற்கும். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. விழுப்புரத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் செல்வி நியூட்ரலில் போட்டு ஸ்டீயரிங்கில் உட்காருவாள். அவள் மடியில் என் பேரன். அம்சா ஃபோனைத் தூக்கிப் பிடிப்பாள். மாப்பிள்ளை, சம்பந்தி, நான் மூன்று பேரும் பின்னால். தெருவே வாசலில் வந்து நின்று சிரிக்கும். ஃபோனுக்குள்ளிருந்து விசில் கேட்கும், அலே கேட்கும். தெருக்கோடி வந்ததும் செல்வி சாவியைத் திருப்புவாள். வண்டி கிளம்பும். அங்கே அவர் இரண்டு கையையும் தட்டுவார்.

சம்பந்தி இப்போதெல்லாம் முகம் சிவக்கத் தள்ளுகிறார். நான்தான் பழைய கட்சிக்கே திரும்பிவிட்டேன். கை வைத்துக்கொண்டு "முருகா, முருகா" என்று கத்துகிறேன். ஃபோனுக்குள்ளிருந்து திட்டு விழுகிறது. விழட்டும். நான் கூப்பிடுவது வண்டிக்காக இல்லை. அவருடைய முழங்காலுக்காக.